இரவல் பேர்

இந்த வாரம் குற்றாலச் சாரலைப் பற்றிச் சுகமாக நாலு வார்த்தை எழுதுவதாகத்தான் இருந்தேன். சீஸனுக்குப் போய்விட்டு வந்தவன் வேறு எதை எழுதுவான்? அருவி, எண்ணெய்க் குளியல், குளித்து முடித்தவுடன் வருகிற அந்தக் கொலைப் பசி... இப்படிப் பக்கத்தை நிரப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நல்லசிவன் கெடுத்துவிட்டான்.

நல்லசிவன் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். தென்காசி ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். நான் ஊருக்கு வருவதாகக் கடிதம் போட்டதும், ‘வெள்ளிக்கிழமை வீட்டில் ஒரு விசேஷம், நீ கட்டாயம் இருக்க வேண்டும்’ என்று பதில் எழுதியிருந்தான். போனேன். குழந்தைக்குப் பேர் வைக்கிற விசேஷம். நாலாவது குழந்தை. நாலும் பெண்.

நாலாவது பெண்ணின் விசேஷ வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பந்தல் உண்டு, பாயசம் உண்டு. சர்க்கரை ரேஷனில் கிடைக்கிற இந்த நாளில் பாயசம் வைக்கிறவன் தாராளக்காரன்தான். ஆனால் வருகிற ஒவ்வொருவரும் சாவு வீட்டில் துஷ்டி கேட்க வந்தது போல நல்லசிவன் தோளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். அவன் மனைவி கோமதி உள் அறையில், கதவுக்குப் பின்னால் இருந்தாள். அவள் தோளைத் தட்ட யாரும் இல்லை.

“ஏலே, நீதான் பிள்ளை காதுல பேரைச் சொல்லணும்” என்றான் நல்லசிவன். “பத்திரிகையில எழுதுதவன் சொன்னா பேரு நெலைக்கும்லா.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. “என்ன பேரு?” என்று கேட்டேன்.

“ஆறுமுகம்.”

தொட்டிலைப் பார்த்தேன். அவனைப் பார்த்தேன். “பொம்பளப் பிள்ளைன்னுல்லா சொன்னே?”

“பொம்பளப் பிள்ளைதான். அதனாலதான் வைக்குதோம்.” அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அப்பா போயி வருஷம் திரும்பப் போவுது. அவங்க பேரு வீட்ல இல்லாமப் போயிரப்படாதுலே. இவகிட்ட இருக்கட்டும். ஆம்பளப் பேரு வச்சா அடுத்தது ஆம்பளதான்னு எல்லாரும் சொல்லுதாவ. பையன் பொறந்ததும் அவனுக்கு மாத்திக்கிடலாம்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் இவ வச்சிருப்பா.”

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. ராகுகாலம் முடிந்து பன்னிரண்டு மணிக்குமேல்தான் பேர் வைப்பதாக இருந்தது. முக்கால் மணி நேரம் இருந்தது. “வந்திருதேன்” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

பெண்ணுக்கு ஆண் பேர் வைப்பதில் என்னய்யா குடி முழுகிவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ‘போதும்பொண்ணு’ என்று பேர் வைத்து, வாழ்நாள் முழுக்க அந்தப் பெண்ணை அப்படியே கூப்பிடுகிற நாடுதானே இது? அதற்கு ஆறுமுகம் எவ்வளவோ மேல்.

ஆனால் எனக்கு ஒரு வேலாயுதத்தைத் தெரியும். எங்களுக்கு எதிர்வீட்டில் இருந்தாள். ‘இருந்தாள்’ என்பது அச்சுப் பிழை இல்லை.

அவள் அப்பா சுப்பையா மாமாவுக்கு இலஞ்சிப் பக்கம் கொஞ்சம் வயல். மாமாவின் அப்பா பேர் வேலாயுதம். மூத்த பேரனுக்குத் தாத்தா பேர்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படியே வைத்தார்கள். அந்தப் பையன் தங்கவில்லை. அடுத்த பையனுக்கும் அதே பேரை வைத்தார்கள். அவனும் தங்கவில்லை. பிறகு தாத்தாவே போனார். மூன்றாவதாகப் பிறந்தது பெண். பேர் வீட்டைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று அதை அவளிடம் கொடுத்து வைத்தார்கள்.

கொடுத்து வைத்தார்கள்... இந்த வார்த்தையைக் கவனியுங்கள்.

வேலாயுதத்துக்கு அந்தப் பேரில் அப்படி ஒரு கர்வம். வாத்தியார் அவள் பேரைப் பையன்கள் வரிசையில்தான் எழுதியிருந்தார். கூப்பிட்டால், மற்ற பெண்களைப் போல முணுமுணுக்காமல், “உள்ளேன் ஐயா” என்று ஓடு அதிரக் கத்துவாள். மாமா அவளை ஒரு நாளும் ‘வா, போ’ என்று பேசியதில்லை. “அய்யா வாங்க, அய்யா சாப்பிட்டியளா” என்றுதான் கேட்பார். தன் அப்பா பேரைச் சுமக்கிறவளை எப்படி ஒருமையில் பேசுவது? தாத்தாவின் திதி அன்றைக்குப் பந்தியில் முதல் இலை அவளுக்கு. எட்டு வயசுப் பெண் சம்மணம் போட்டு, பெரிய மனுஷனாட்டம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிடாதவள் ஒரே ஒருத்திதான். அவளைப் பெற்றவள். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லலாமா? அதனால் அத்தை, எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணையும் கூப்பிடுகிற மாதிரி, ‘ஏட்டி’ என்றுதான் அவளைக் கூப்பிடுவாள். வேறு யாராவது ‘ஏட்டி’ என்றால் வேலாயுதம் சண்டைக்கு வந்துவிடுவாள். “எங்கம்மை மட்டுந்தான் என்னை ஏட்டிம்பா. நீ பேரைச் சொல்லுலே” என்பாள்.

அவளுக்கு ஒன்பது வயசு நடக்கும்போது அத்தைக்குப் பையன் பிறந்தான்.

பேர் வைக்கிற அன்று நானும் அங்கே இருந்தேன். வேலாயுதத்தைக் குளிக்க வைத்து, புதுப் பாவாடை கட்டி, மணையில் உட்கார வைத்தார்கள். தம்பியை அவள் மடியில் கிடத்தினார்கள். அவளே அவன் காதில் மூன்று முறை ‘வேலாயுதம், வேலாயுதம், வேலாயுதம்’ என்று சொல்ல வேண்டும். சொன்னாள். உடனே ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்து வாயைக் கொப்பளிக்கச் சொன்னார்கள். பேர் அவளிடமிருந்து போய்விட்டது. அவ்வளவு சுலபம்.

“இனி இந்தப் பேரைச் சொல்லி யாரு கூப்பிட்டாலும் நீ ஏன்னு கேக்கப்படாது, கேட்டியா?” என்றார் மாமா. ஒரு வீட்டில் ஒரு பேருக்கு இரண்டு குரல் பதில் சொன்னால், அதில் ஒன்று தங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. அவள் தலையை ஆட்டினாள். பிறகு கேட்டாள்.

“அப்ப எனக்கு என்ன பேருப்பா?”

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை பெரியவர்களில் ஒருத்தருக்கும் அது ஞாபகம் இல்லை. “நல்ல நாள் பாத்து வைப்போம்” என்றார் மாமா.

அந்த நல்ல நாள் வரவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் விட்டுவிடவில்லை. மறந்துபோனார்கள், அவ்வளவுதான். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்தியதால் ரெஜிஸ்தருக்கும் பேர் தேவைப்படவில்லை. தெருவில் அவள் ‘வேலாயுதத்தோட அக்கா’ ஆனாள். மாமா தொட்டிலைப் பார்த்து “அய்யா முழிச்சிட்டியளா” என்று கொஞ்சினார். திதி வந்தது. முதல் இலைக்கு முன்னால் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு மாமா உட்கார்ந்தார். அவள் தண்ணீர் பரிமாறினாள்.

அவள் அழுது நான் பார்க்கவில்லை. வாயை மட்டும் இறுக்கி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். பேரைக் கேட்டவுடன் வாய் தன்னால் திறக்குமே... அதற்காக.

ஒரு வருஷம் அப்படிச் சமாளித்தாள்.

அடுத்த சீஸன். ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறது என்று தெருவுக்குச் செய்தி வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரு விறகு வண்டி காலியாகப் போகிறது, ஓடிப்போய்த் தொத்திக்கொள்ளலாம். எனக்குப் பத்து வயசு. முந்தின வருஷங்களில் அவளும் நானும் அப்படித்தான் போவோம். நான் எதையும் யோசிக்காமல் அவள் வீட்டு வாசலில் நின்று கத்தினேன்.

“ஏ வேலாயுதம், வண்டி போவுது, வாரியா?”

“இந்தா வாரேம்லே” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவள் குரல்.

தொட்டில் கயிறு கிறீச்சிடுவது சட்டென்று நின்றது. பிறகு கொல்லைப் பக்கமிருந்து மாமாவின் குரல் கேட்டது. “யாரு கூப்பிட்டா?”

ஓடிவிட்டேன். வண்டியில் ஏறி, ஐந்தருவியில் குளித்து, தலைமுடி காய்ந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு குளிராக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. வெட்கக்கேடு.

மூன்றாம் நாள் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டது. அந்த வருஷம் மலைக்காய்ச்சலில் எங்கள் தெருவில் இன்னும் பல தொட்டில்கள் காலியாயின. அந்த வீடுகளில் எல்லாம் ஒரு பேருக்கு ஒரு குரல்தான் இருந்தது. அதை யார் கணக்கில் எடுத்தார்கள்?

“வாசல்ல வந்து கூப்பிட்டது யாருட்டி?” என்று மாமா அவளை நடுவீட்டில் நிற்க வைத்துக் கேட்டார். தெருவே கூடியிருந்தது. நானும் என் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

“தெரியாதுப்பா. குரல் மட்டுந்தான் கேட்டுச்சு.”

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ‘நான்தான் மாமா, வண்டியில் போகக் கூப்பிட்டேன்’ என்று ஒரு வரி. கூடிப்போனால் இரண்டு அறை விழுந்திருக்கும். நான் சொல்லவில்லை. யாரும் சொல்லாததால், கூப்பிட்டது மனுஷ ஆளே இல்லை என்று தெரு முடிவு செய்தது. சாரல் விழுகிற நேரத்தில் எமன் வாசலில் வந்து பேர் சொல்லி அழைத்தான், தம்பி பேருக்கு இவள் ‘வாரேன்’ என்று பதில் சொல்லி அனுப்பி வைத்துவிட்டாள்... இப்படிப் பேசினார்கள். ஒரு காய்ச்சல் சாவு, என் மௌனத்தால், அவள் செய்த கொலையாக மாறியது. பத்து வயசில் இவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறேன் பாருங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவளை மறுபடி அதே மணையில் உட்கார வைத்தார்கள். பேருக்கு இப்போது ஆள் இல்லையே. மாமா குனிந்து அவள் காதில் மூன்று முறை சொன்னார். பிறகு நிமிர்ந்து, “வேலாயுதம்” என்று கூப்பிட்டார்.

அவள் பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டு ஓங்கி அறைந்தார்.

“அது தம்பி பேரு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு யார் எப்படிக் கூப்பிட்டாலும் அவள் பதில் கொடுத்ததில்லை. ஊமையாகிவிடவில்லை. எதிரே போய் நின்று கேட்டால் பேசுவாள், வேலை செய்வாள். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். என்னோடு அவள் பேச்சை நிறுத்தவில்லை. நான்தான் நிறுத்தினேன். குற்றம் செய்தவனுக்குத்தானே முகத்தைப் பார்க்கக் கூசும்?

பதினாறு வயசில் சிவகிரியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பேர் இல்லாமல் கல்யாணப் பத்திரிகை அடிக்க முடியாது என்று அச்சாபீஸில் சொல்லிவிட்டார்களாம். மாமா அங்கேயே நின்று ‘வேலம்மாள்’ என்று எழுதிக் கொடுத்தார். ஏழு வருஷம் கழித்து நல்ல நாள் வந்தது, அச்சாபீஸ் வாசலில். தன் பேர் என்னவென்று அவள் கல்யாணப் பத்திரிகையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டாள்.

இரண்டு வருஷத்தில், தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். எனக்கு அப்பா எழுதிய கார்டில் கடைசி வரியாக அந்தச் செய்தி வந்தது. பிள்ளையும் தங்கவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நடந்த என் கால், நல்லசிவன் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில், அத்தை வீட்டு வாசலில் போய் நின்றது. மாமா காலமாகிவிட்டார். அத்தை தனியாக இருக்கிறாள். முறத்தில் ரேஷன் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “வாப்பா, எப்ப வந்தே?” என்றாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

“அத்தை, அன்னைக்கு வாசல்ல நின்னு கூப்பிட்டது நான்தான்.”

எந்த அன்னைக்கு என்று அவள் கேட்கவில்லை. கை அரிசியைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

“தெரியும்” என்றாள்.

அவளே சொன்னாள். “அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டா. ‘யார்ட்டயும் சொல்லாதம்மா, அவனை அடிச்சே கொன்னுருவாவ’ன்னா.”

“நீங்களாவது சொல்லியிருக்கலாமே அத்தை.”

“நீ சொல்லியிருக்கலாம்லா” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கல்லை எடுத்து வாசலில் போட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். முறத்தை ஒரு தடவை புடைத்துவிட்டு அவளாகவே சிவகிரிக் கதையைச் சொன்னாள்.

“மாசம் நிறையுமுன்னே வலி கண்டிட்டு, நாங்க போயிச் சேரும்போது கண்ணு சொருகிட்டு. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, முழிப்பு வரும்னு மருத்துவச்சி சொல்லுதா. அவ மாமியா ‘வேலம்மா, வேலம்மா’ன்னு கூப்பிட்டா. அசையலை. உங்க மாமா காதுல குனிஞ்சு பெரியவங்க பேரைச் சொன்னாவ. அதுக்கும் அசையலை. பெறவு நான் போயி ‘ஏட்டி’ன்னேன்.”

அந்த நேரத்தைச் சொல்லும்போதும் மாமனார் பேரை அவள் வாய் சொல்லவில்லை. ‘பெரியவங்க பேரு’ என்றுதான் சொன்னாள்.

“முழிச்சாளா அத்தை?”

“‘என்னம்மா’ன்னா. எத்தனை வருஷத்துக்குப் பெறவு கூப்பிட்ட குரலுக்கு ஏன்னு கேக்குதா... நான் அடுத்தாப்ல என்ன சொல்லன்னு யோசிச்சேன். அதுக்குள்ள முடிஞ்சிட்டு.”

பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷம் கழித்து நல்லசிவன் வீட்டுக்குத் திரும்பினேன். எல்லாரும் காத்திருந்தார்கள். “எங்கலே போனே?” என்றான். தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்தச் சின்னது நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தூங்கியது. கோமதி கதவோரம் வந்து நின்றாள். அவளும் மாமனார் பேரைச் சொல்ல மாட்டாள். இந்தக் குழந்தையை அவள் என்னவென்று கூப்பிடப் போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

“சொல்லுதேன் நல்லசிவா. ஆனா ஒரு பேச்சு. நாளைக்குப் பையனே பொறந்தாலும் இந்தப் பேரை இவகிட்டேருந்து எடுக்கப்படாது. அவனுக்கு வேற பேரு வைக்கணும்.”

“விசேஷ வீட்ல என்னலே பேச்சு?” என்று சிரித்தான். உறவுக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ‘பட்டணத்துக்காரருக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்’ என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

“நீயும் எங்க வகுப்புதானே” என்றேன். “வேலாயுதம் ஞாபகம் இருக்கா?”

அவன் சிரிப்பு நின்றது. பதினாறாம் நாள் வாங்கிய அறையை ஊரே அறியும். தொட்டிலைப் பார்த்தான். கதவோரம் பார்த்தான். கோமதி கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாப்போம்லே” என்றான் கடைசியில்.

“பாப்போம் வேண்டாம்.”

“சரி... எடுக்கலை” என்றான். மனசில்லாமல்தான் சொன்னான். ஆனாலும் சொன்னான்.

குனிந்து அவள் காதில் மூன்று முறை சொன்னேன். பெண்ணுக்கு ஆண் பேர் வைப்பதில் தப்பே இல்லை. நன்றாக வையுங்கள், ராஜா என்றும் வையுங்கள், மந்திரி என்றும் வையுங்கள். இரவல் கொடுக்காதீர்கள். ஆள் வரும்வரை துண்டு போட்டு வைக்கிற இடம் இல்லை அவள்.

நல்லசிவனின் வாக்கு நிற்குமா? எனக்குச் சந்தேகம்தான். அவன் பார்சல் கிளார்க். ரசீது இல்லாத எதையும் ஒப்புக்கொள்ளாத மனுஷன். அந்த ரசீதைத்தான் இந்த வாரம் அச்சில் போட்டிருக்கிறேன். தென்காசியில் அவன் வீட்டுத் தொட்டிலில் தூங்குகிறவள் பேர் ஆறுமுகம்.

படித்த நீங்கள் எல்லாரும் சாட்சி... ‘இவள் பேர் என்ன’ என்று யாராவது கேட்கிற அன்றைக்கு, என்னைப் போல வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள்.